இடது காதும் ஞாயிற்றுக்கிழமையும்

2024 அக்டோபர் 6

பைலட் வேலையோடு படிக்கும் ஆன்லைன் டிகிரி. மேத்ஸ் ஒன், இரண்டாவது வாரம். நேர்கோடு, சாய்வு. இந்தப் பாடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போட்டது. ஓடுபாதையை நோக்கி மூன்று டிகிரியில் இறங்குகிறோம். டான் 3 என்பது 0.0524. ஒரு நாட்டிகல் மைலுக்கு 6076 அடி. பெருக்கினால் 318. பத்து மைல் தூரத்தில் 3180 அடி உயரத்தில் இருக்க வேண்டும். காக்பிட்டில் 'மைலுக்கு முந்நூறு' என்று மனக்கணக்காகவே ஓட்டிக்கொண்டிருந்த எண் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்கு என் நோட்டில், என் கையெழுத்தில் எழுதிப் பார்த்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

27-ஆம் தேதி ஞாயிறு குவிஸ். ரோஸ்டரில், அதாவது டியூட்டி அட்டவணையில், அன்றைக்கு ஏர்போர்ட் ஸ்டாண்ட்பை: கூப்பிட்டால் பறக்கத் தயாராக அங்கேயே காத்திருக்க வேண்டும். மாற்றித் தரக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 7

பதில் இல்லை.

அக்டோபர் 9

புதன்கிழமை. அசைன்மென்ட் இரவு 23:59 வரை. ரோஸ்டரில் எல்லாமே யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம் என்பதால் என் தலையில் அது 18:29 என்றுதான் பதிந்திருக்கிறது. கொல்கத்தாவில் ராத்திரித் தங்கல். கடைசி செக்டர் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு பறப்பு) தாமதம். ஹோட்டல் அறைக்குள் நுழைந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். கடைசிக் கேள்வியை அனுப்பியபோது 18:11. ரூம் சர்வீஸில் வந்த சாதம் ஆறிப் போயிருந்தது, அப்படியே சாப்பிட்டேன்.

வலது பக்கம் படுத்தால் ஏசி சத்தம் கேட்கிறது. புரண்டு இடது பக்கம் படுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அக்டோபர் 11

சரஸ்வதி பூஜை. அம்மா என் நோட்டு, லாக்புக், லைசென்ஸ் அட்டை, மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் மனையில் அடுக்கிவிட்டாள். ஹெட்செட்டின் இரண்டு காதுக் கிண்ணங்களிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். "இன்னிக்கு ஒரு நாள் தொடாதடி. நாளைக்குக் காலைல எடுத்துப் படி, நல்லா ஏறும்."

சாயங்காலம் கோயம்புத்தூர் போய் வர வேண்டும். லைசென்ஸையும் மெடிக்கலையும் ஹெட்செட்டையும் மட்டும் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தாள். நோட்டு அங்கேயே இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு படிப்பைப் பற்றி நினைக்காத ஒரு மாலை. அம்மாவுக்கு நன்றி.

அக்டோபர் 13

இதை ஒரு தடவை தெளிவாக எழுதி வைக்கிறேன். ரெஸ்ட் என்று ரோஸ்டரில் போடுவது எனக்குத் தரும் விடுமுறை இல்லை. மறுநாள் என் பின்னால் உட்காரப்போகிற 180 பேருக்குச் சேர வேண்டிய தூக்கம் அது. அதிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்து வீடியோ பார்த்தால் அவர்களிடமிருந்து எடுக்கிறேன். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம், அந்த நேரத்தில் விமானத்தை இறக்கியவர்களுக்கு அது புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி இந்த 2024 ஜனவரியில் வந்தது. இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தால், அந்தக் கூடுதல் பன்னிரண்டு மணியும் தூங்குவதற்குத்தான். படிப்புக்கு என்று நினைக்கவே கூடாது.

ஆக, எனக்கு மிஞ்சுவது: லீவு நாளின் பகல், ஹோட்டலில் தூங்கி எழுந்தபின் பிக்கப் வரைக்கும் உள்ள நேரம், பயணியாகப் போய் வரும் செக்டர். காக்பிட்டில் புத்தகம் கிடையாது, நடுவானில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கிடையாது. இந்தக் கணக்குக்குள் ஒரு டிகிரி அடங்குமா? நான்கு வருடத்தில் அடங்காவிட்டால் ஆறு வருடத்தில் அடங்கட்டும்.

அக்டோபர் 15

மழை. தொண்டை கரகரக்கிறது. வீட்டில் இருக்கும் இருமல் மருந்தில் ஆல்கஹால் இருக்கிறது, டியூட்டிக்கு முன்னால் ஊதிக் காட்ட வேண்டியவள் தொட முடியாது. மிளகும் பனங்கற்கண்டும்.

அக்டோபர் 17

சிக் லீவு போட்டாகிவிட்டது. நேற்றிரவு இறங்கும்போது பத்தாயிரம் அடிக்குக் கீழே இடது காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், வலது திறந்தது, இடது திறக்கவில்லை. கேப்டன் பேசியது ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது, ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். வீட்டுக்கு வந்து கேபிலிருந்து இறங்கியபோதும் அப்படியேதான்.

22-ஆம் தேதி மெடிக்கல்.

அக்டோபர் 20

வலது பக்கம் படுத்து, வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு, அடுக்களையில் குக்கர் விசில் வருகிறதா என்று கேட்கிறேன். வருகிறது. அம்மா பருப்பைத் தாளிப்பது வரவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ் இருக்கும்?

அக்டோபர் 22

சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. கையில் ஒரு பட்டன். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது, வேகமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல். இடது ஆரம்பித்ததும் என் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது, மூச்சை அடக்கினேன். அழுத்தினேன். அழுத்தாமல் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குனிந்து குறித்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இருக்கிறது. 3000-இல் 50-க்குள். எனக்கு 55.

டெம்பரரி அன்ஃபிட், தற்காலிகமாகப் பறக்கத் தகுதியில்லை. "சளி முழுசா போகட்டும்மா. ஈஎன்டி பாத்து ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க, திரும்பப் பாக்கலாம்." மரியாதையாகத்தான் சொன்னார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 23

அசைன்மென்ட் அனுப்பினேன். மதியமே.

அக்டோபர் 24

ரோஸ்டரைத் திறந்தேன். மாத முடிவு வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் ஒரே குறியீடு. 27-ஆம் தேதிக் கட்டத்திலும். நான் கேட்ட ஞாயிறு கிடைத்துவிட்டது. இப்படிக் கேட்கவில்லை.

அக்டோபர் 27

குவிஸ். பெருங்குடிப் பக்கம் ஒரு கட்டடம், நாலாவது மாடி. வரிசையில் எனக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன், பின்னால் அப்பா வயதில் ஒருவர், டிபன் டப்பாவோடு. அவர் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவராம். "வயசு வரம்பு இல்லன்னு போட்டிருந்தான், சேந்துட்டேன்" என்றார். என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். ஒரு நொடி தயங்கி, பைலட் என்றேன். இன்றைக்கும் நான் பைலட்தான்.

ஸ்டாட்ஸ் நன்றாக வந்தது. மேத்ஸில் இருபடிச் சமன்பாட்டுக் கேள்வி ஒன்றில் நிறைய நேரம் போய்விட்டது. ஹாலில் ஃபேன் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கேட்டது, இரண்டு காதிலும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 31

தீபாவளி. காலை ஐந்து மணிக்குத் தெருவில் ஆயிரம் வாலா. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள் அறையில். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகம் மலர, ஒன்றுமே பாதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்தது ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூடு செய்யும் ஷெல் ஷாப். தகடும் சுத்தியலும், அந்தக் காலத்தில் காதுக்கு ஒன்றும் மாட்டாமல். டிவி வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார், அம்மா இறக்கிக்கொண்டே வருவாள். சின்ன வயதில் இருந்து நான் பார்த்துவரும் சண்டை. இன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 6

ஸ்டாட்ஸில் பேய்ஸ் தேற்றம். உஷா மோகன் மேடத்தின் பாட வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வேறு எங்கிருந்தோ எடுத்த ஒரு கணக்கைப் போட்டேன். பத்தாயிரம் பேரில் நூறு பேருக்கு நோய். டெஸ்ட், நோய் உள்ளவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவர்களில் 5 சதவீதம் பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பாசிட்டிவ் என்று வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 95 பேர் ஒரு பக்கம், 495 பேர் இன்னொரு பக்கம். 590-இல் 95. பதினாறு சதவீதம்தான்.

பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. என் காதுக்கு இதைப் போட ஆரம்பித்தேன். சளி இருக்கிறது என்ற நிபந்தனையில் 3000-இல் 55 வர வாய்ப்பு எவ்வளவு? இரைச்சலால் நரம்பு போயிருந்தால் எவ்வளவு? ஆரம்ப நிகழ்தகவு வேண்டும், அது என்னிடம் இல்லை. எத்தனை வருடம் என்ஜின் பக்கத்தில் நடந்திருக்கிறேன், ட்ரெயினிங்கில் அந்தச் சின்ன விமானத்தில் எத்தனை மணி நேரம், பழைய ஹெட்செட்டோடு. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டேன். நான் நினைத்த விடை வரும்வரை எண்ணை மாற்றுகிறேன் என்று புரிந்ததும் நோட்டை மூடினேன்.

மணி இரண்டு. யாருக்கும் தரவேண்டிய தூக்கம் இல்லை இப்போது. ஆனாலும் தூங்க வேண்டும்.

நவம்பர் 9

கேப்டன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கூடப் பறந்தவர், நல்ல மனிதர். பழங்கள், ஹார்லிக்ஸ், நோயாளியைப் பார்க்க வருவதுபோல. அம்மா காபி கொடுத்தாள். 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட் ஏர்வேஸ் கடைசி விமானத்தை ஓட்டி நிறுத்தியபோது அவர் அங்கே இருந்தவர். "வீட்ல உக்காந்து யோசிச்சேன்மா, நமக்கு இத விட்டா என்ன தெரியும்னு. பதில் வரல." அதற்குப் பிறகு 2020 மார்ச் 25-இல் உள்நாட்டு விமானம் எல்லாம் நின்றது, மே 25 வரைக்கும். அப்போது நான் கையில் லைசென்ஸோடு, வேலை இல்லாமல், பேங்க் லோனோடு இதே ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா அமெரிக்காவிலிருந்து பேசினால் "டிகிரி இல்லாம வெளிநாட்ல எடுக்க மாட்டான்" என்பார். அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸே அந்த நிபந்தனையை 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. இங்கே பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் இருந்து, 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். டிகிரியை யாரும் கேட்பதில்லை. கேட்பது நான். வருடத்துக்கு ஒரு முறை ஒரு டாக்டர் போடும் கையெழுத்தில் என் பிழைப்பு மொத்தமும் நிற்கிறது. அந்தக் கையெழுத்து விழாத வருடம் நான் யார்?

இதைக் கேப்டனிடம் சொன்னேன், முதல் தடவையாக வாய்விட்டு. ஒவ்வொரு விமானமும் தன் ஒவ்வொரு பயணத்தையும் பதிந்து வைக்கிறது. எந்த வேகத்தில் ஃப்ளாப் (இறக்கையின் பின்மடல்) இறங்கியது, எவ்வளவு ஜி விசையில் தரை தொட்டது, எங்கே நிலையில்லாமல் வந்தது. அந்த டேட்டாவை உட்கார்ந்து படிக்கிற இடத்தில், பறந்து பார்த்த ஒருத்தி இருக்க வேண்டும். எண்ணில் தெரிகிற கோணலுக்குப் பின்னால் மழையும் பக்கவாட்டுக் காற்றும் இரண்டு பேர் பட்ட பாடும் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். அந்த வேலை எனக்கு வேண்டும். பறந்துகொண்டே செய்தாலும் சரி, பறக்க முடியாமல் போனாலும் சரி.

அவர் காபியை முடித்துவிட்டு, "படிம்மா" என்றார்.

நவம்பர் 12

ஈஎன்டி. காதுக்குப் பின் எலும்பில் ஒரு கருவியை வைத்து அதிரவிட்டுத் தனியாக ஒரு டெஸ்ட். காற்று வழியாகக் கேட்பது 3000-இல் 50. எலும்பு வழியாகக் கேட்பது 25. இடைவெளி இருந்தால் நல்லது: நரம்பு நன்றாக இருக்கிறது, நடுக்காதில் நீர் தேங்கி வழியை அடைக்கிறது. நீர் வடியும், காது திரும்பும். செவிப்பறை வரைபடம் தட்டையாக வந்திருக்கிறது, மேடே இல்லாமல்.

ஆனால் 4000-இல் எலும்பு வழியே 40. இரைச்சல் முதலில் கடித்துவைக்கும் இடம் அதுதான். விதி 3000-த்தோடு நிற்கிறது. டாக்டரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டேன். "இப்போதைக்கு அத விடுங்க. இனிமே ரன்வே பக்கம் வெளிய நடக்கும்போது இயர் ப்ளக் இல்லாம நடக்காதீங்க."

விட முடியவில்லை.

நவம்பர் 13

4000.

நவம்பர் 18

குவிஸ் மார்க். ஸ்டாட்ஸ் 84. மேத்ஸ் 58. அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன். "எவ்ளோ?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து "கங்கிராட்ஸ்" என்றார்.

சம்பளத்தில் பறக்கும் மணிக்கான பகுதி வரவில்லை. இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் வருகிறது. தம்பி எதுவும் சொல்லாமல் கரண்ட் பில் கட்டியிருக்கிறான்.

நவம்பர் 26

காலையில் பல் தேய்க்கும்போது இடது காதில் 'டப்' என்றது. அப்புறம் மின்விசிறி, குழாய்த் தண்ணீர், தெருவில் கீரைக்காரம்மா, எல்லாம் அருகில் வந்துவிட்டது. வலது பக்கம் படுத்துக் கேட்டேன். கடுகு கேட்கிறது.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். மத்தியானத்திலிருந்து ஏர்போர்ட் மூடியாச்சு. வாடைக்காற்றுக் காலத்தில் ஓடுபாதை 07-இலிருந்து எழும்பும் விமானங்கள் இந்தப் பக்கமாகத்தான் போகும், இன்றைக்கு வானத்தில் ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியில் இருபடிச் சமன்பாடு. போனில் சார்ஜ் இருக்கும்வரை வீடியோ.

டிசம்பர் 1

காலையிலிருந்து எல்லோரும் ஒரே வீடியோவை அனுப்புகிறார்கள். நேற்றைய காற்றில் ஓடுபாதைக்கு மேலே இடதும் வலதுமாக ஆடி, கடைசி நொடியில் திரும்ப எழும்பும் விமானம். "பாத்தியா, எவ்ளோ டேஞ்சர்!" அத்தை அழுதேவிட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன்: அது ஆபத்து இல்லை, ஆபத்தை விட்டு வெளியே வந்தது. சரியில்லை என்றால் மேலே போ என்பதைத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் எங்களுக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த இருவரும் செய்தது அதைத்தான். டிவியில் கேலியாகப் பேசினவர்களைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பயணத்தின் டேட்டாவை யாரோ இப்போது திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று, திசை, உயரம், என்ஜின் தள்ளும் விசை. நான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 5

ஈஎன்டி: 3000-இல் 30. செவிப்பறை வரைபடத்தில் மேடு வந்துவிட்டது. 4000-ஐப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: அதே 40.

ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பியாச்சு.

டிசம்பர் 8

பதில் இல்லை. மேத்ஸ், பல்லுறுப்புக் கோவை.

டிசம்பர் 10

மெடிக்கல் ரீடெஸ்ட் 19-ஆம் தேதி. எண்ட் டெர்ம் அந்த ஞாயிறு. ஃபிட் என்று வந்தால் உடனே ரோஸ்டரில் போடுவார்களா, அதற்கு முன் சிமுலேட்டருக்கு அனுப்புவார்களா என்று ஷெட்யூலிங்கில் கேட்டேன். "மேடம், மொதல்ல ஃபிட் ஆகி வாங்க" என்றார்கள். ஞாயிறு பரீட்சை என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். ஹால் டிக்கெட்டைத் தம்பி ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வருவான், இரண்டு காப்பி சொல்லியிருக்கிறேன்.