எலும்பை இழந்த தோளை எது தூக்குகிறது?

பிசியோதெரபிக்காக என்னிடம் வருபவர்களில், தோள்மூட்டின் எலும்பைப் பெருமளவு இழந்து அறுவை சிகிச்சையால் அதைச் சீரமைத்துக் கொண்டவர்கள் தனி வகையினர். அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் ஸ்கேன் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு எலும்பு போய்விட்டது, அந்த இடத்தில் எதை வைப்பார்கள் என்றே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கையை இனி எந்தத் தசை தூக்கப் போகிறது, அந்தத் தசைக்குச் செல்லும் நரம்பு பிழைத்திருக்கிறதா என்பதை அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோள்மூட்டின் குழி மிகவும் ஆழம் குறைந்தது. மேற்கை எலும்பின் உருண்டையான தலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எந்த நேரத்திலும் அந்தக் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; சிறு கரண்டியின் மேல் வைத்த பெரிய பந்தைப் போன்ற அமைப்பு அது. அந்தப் பந்து உருண்டு விழாமல் நடுவில் நிறுத்தி வைப்பவை, ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களுமே. ஆகவே எலும்பு போகும்போது தசைகள் பற்றிக்கொள்ளும் இடமும் சேர்ந்து போய்விடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமைகிறது.

திரும்பத் திரும்ப மூட்டு விலகியதால் குழியின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் நிலைமை எளிது. குழியின் அகலத்தில் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்துவிட்டால் கிழிந்த திசுக்களைத் தைப்பது மட்டும் போதாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்கும் குறைந்த இழப்பிலேயே எலும்பு ஒட்டு வைப்பவர்களும் உண்டு. 1954இல் லத்தார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த முறையில், தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கோரக்காய்டு முனையை அதனோடு ஒட்டிய தசைநாணுடன் வெட்டி நகர்த்தி, தேய்ந்த விளிம்பில் திருகாணியால் பொருத்துகிறார்கள். எலும்புத் துண்டு பள்ளத்தை நிரப்புகிறது. கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது அந்தத் தசைநாண் முன்பக்கம் ஒரு பட்டைபோல் இழுத்துப் பிடித்து, பந்து நழுவாமல் காக்கிறது. அந்தத் துண்டும் போதாதபோது இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கிறார்கள்.

மேற்கை எலும்பின் மேல்பகுதியே போய்விட்ட தோள்கள்தான் உண்மையில் கடினமானவை. புற்றுநோய்க் கட்டியை அகற்றும்போது பத்து சென்டிமீட்டருக்கும் அதிகமான எலும்பை எடுக்க நேரலாம். இது பழைய சிக்கல்தான்: 1893இல் பாரிசில் பெயான் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகச் செயற்கைத் தோள்மூட்டைப் பொருத்தியதே, காசநோயால் எலும்பு சிதைந்த ஒருவருக்குத்தான். பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்யப்பட்ட அதைக் கிருமித்தொற்றின் காரணமாகப் பின்னர் அகற்ற வேண்டியதாயிற்று. இன்று நீண்ட உலோகத் தண்டுகள் இருக்கின்றன. ஆனால் உயிருள்ள எலும்பைப் பற்றுவதுபோல் தசைநாண் உலோகத்தைப் பற்றுவதில்லை. அதனால் உலோகத்தைச் சுற்றிச் செயற்கை வலையைப் போர்த்தி அதில் தைக்கிறார்கள். அல்லது இறந்தவர் தானமாகத் தந்த எலும்பை, அதில் எஞ்சிய தசைநாண்களோடு, உலோகத்துடன் இணைத்துப் பொருத்துகிறார்கள். பழைய வகைச் செயற்கைத் தலையை மட்டும் வைத்தால், முழங்கையும் விரல்களும் நன்றாக வேலை செய்ய ஒரு தூண் கிடைக்கும்; தோள் உயராது.

இங்கேதான் 1985இல் பிரான்சின் திஜோன் நகரில் பால் கிராமோன் உருவாக்கிய தலைகீழ் மூட்டு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பந்தைக் குழியின் பக்கத்திலும் குழியை மேற்கையின் பக்கத்திலும் மாற்றி வைத்து, சுழலும் மையத்தை உட்புறமாகவும் கீழாகவும் நகர்த்தியதால், ரொட்டேட்டர் கஃப் இல்லாமலே, தோளின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை ஒன்றே கையைத் தூக்கும் வலிமையைப் பெறுகிறது. ஆனால் டெல்டாய்டையோ அதை இயக்கும் ஆக்ஸிலரி நரம்பையோ கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டியிருந்தால் இந்த அமைப்பு முழுவதும் ஆதாரத்தை இழந்துவிடும். நரம்பைப் பற்றி முதலில் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய செயற்கை மூட்டு தளர்ந்து குழியையும் அரித்திருந்தால், புதிய மூட்டின் பந்தைத் தாங்கும் அடித்தட்டைத் திருகிப் பொருத்தவே இடமிருக்காது. எலும்பு ஒட்டையோ தடிப்பான உலோகப் பகுதியையோ வைத்து அந்த இடத்தை உருவாக்க வேண்டியிருக்கும். தளர்ச்சிக்குப் பின்னால் மெதுவாக வளரும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், எடுத்த திசுவை ஆய்வகத்தில் இரண்டு வாரம்வரை வைத்துப் பார்ப்பதுண்டு. அந்தக் காத்திருப்பு நோயாளிகளை மிகவும் வாட்டுகிறது; ஆயினும் அவசரப்படுத்த வேண்டாம் என்றே அவர்களிடம் சொல்கிறேன்.

அறுவைக்குப் பின் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை, கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) இருக்கும். தலைகீழ் மூட்டு வைத்தவர்கள் அந்தக் காலத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு செல்வதும், நாற்காலியில் கையை ஊன்றி எழுவதும் மூட்டை விலகச் செய்துவிடலாம். டெல்டாய்டை அசைவில்லாமல் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து நிதானமாகத் தொடங்குகிறோம். கை உயரத் தொடங்கிய பிறகும், வெளிப்புறம் திருப்பும் தசைகள் இல்லாதவருக்கு உணவை வாய்க்குக் கொண்டுசெல்லும்போது முழங்கை பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளும். அந்த இழப்பு முன்கூட்டியே தெரிந்தால், முதுகின் அகன்ற தசையின் நாணை மேற்கைக்கு மாற்றித் தைத்து அதே அறுவையில் ஓரளவு ஈடுசெய்ய முடியும் என்பதால், அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே இதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.