கெல்லீஸுக்கு மூன்று நடை

தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஃபுட்பால் தகராறில் கூடப் படிக்கும் பையனின் நெற்றியில் ஸ்டீல் பாட்டிலால் அடித்துவிட்டான். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நான்கு தையல். அடிதடிக் காயம் என்றால் அங்கே ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதி போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவார்கள். நமக்குள் பேசி முடிக்கலாம் என்று நாங்கள் யோசிப்பதற்குள் விஷயம் கைமீறிவிட்டது.

அப்பா காசிமேட்டில் ஐஸ் லோடு ஏற்றுகிறவர். அம்மாவுக்கு ஸ்டேஷன் என்றாலே கை நடுங்கும். அதனால் அலைந்தது அக்காவான நான்தான்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். எங்களிடம் பேசியவர் மஃப்டியில் இருந்தார். "எஃப்.ஐ.ஆர். இல்லம்மா, டைரியில எழுதி போர்டுக்கு அனுப்புவோம்" என்றார். போர்டு என்றால் சிறார் நீதிக் குழுமம். நான் நம்பவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் அதைத்தான் சொல்கின்றன: கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். லாக்கப்பும் விலங்கும் கூடவே கூடாது. சமூகப் பின்னணி அறிக்கைக்காக வீட்டு வருமானம், அப்பா குடிப்பாரா என்றெல்லாம் கேட்டார். அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் உள்ளதைச் சொன்னேன்.

பள்ளியில்தான் பெரிய சண்டை. "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்றார்கள். கல்வி உரிமைச் சட்டம் வெளியேற்றத் தடை போடுவது எட்டாம் வகுப்பு வரைதான். இவன் ஒரு வருடம் தாண்டிவிட்டான். கிளாஸ் டீச்சர் குறுக்கே வந்து, "ஒரு தடவை எல்லாரும் உக்காந்து பேசலாம், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார்.

சயின்ஸ் லேபில் ஸ்டூல்களை வட்டமாகப் போட்டார்கள். இரண்டு பையன்கள், இரண்டு அம்மாக்கள், நான், டீச்சர், ஒரு கவுன்சிலர். என்ன நடந்தது, யாருக்கு என்ன நஷ்டம், எப்படிச் சரிசெய்வது என்று வரிசையாகக் கேட்டார்கள். ஏன் செய்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பையனின் அம்மா, "தையல் ஆறிடும். மூணு நாள் வேலைக்குப் போகல, அந்தக் கூலி வருமா? இவன் ராத்திரியில திடுக்குனு எழுந்துக்கிறான்" என்றார். தம்பி மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு பாதியில் நின்றது. "ரொம்ப வலிச்சுதாடா?" என்றான். "பின்ன?" என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "உங்கப்பன் மேல மீன் நாத்தம்னு நான்தான் சொன்னேன்" என்றான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று நாள் கூலியை நாங்கள் கொடுப்பது, தையல் பிரிக்கும் நாளில் தம்பி கூடப் போவது என்று எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

அமெரிக்காவில் கிளேட்டன் கவுண்டி என்ற மாவட்டத்தில் நீதிபதி ஸ்டீவன் டெஸ்கே 2004-லேயே பள்ளிகளையும் போலீஸையும் உட்கார வைத்து ஒப்பந்தம் போட்டாராம். சின்னச் சண்டை என்றால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை சமரசமோ பயிற்சி வகுப்போ, மூன்றாம் முறைதான் கோர்ட். கவுன்சிலர் சொன்னது. எங்களுக்கு அப்படி ஒரு தாளும் கிடையாது, ஒரு நல்ல டீச்சர்தான் இருந்தார். அவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

கெல்லீஸில் இருக்கும் சிறார் நீதிக் குழுமத்துக்கு மூன்று நடை. முதல் நடை வயதுச் சான்று இல்லாமல் வீண். இரண்டாவதில் வாய்தா. மூன்றாவதில் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள், கூண்டு கிடையாது. பள்ளியில் எழுதிய தாளைப் படித்துவிட்டு, அறிவுரை சொல்லி, கவுன்சிலிங் போகச் சொல்லி முடித்தார்கள். 3 ஆண்டு வரை தண்டனை உள்ளது சிறு குற்றமாம். அதனால் சீக்கிரம் முடிந்தது.

பின்னாளில் வேலைக்குப் போகும்போது இது குறுக்கே வருமா என்று கேட்டேன். அதே சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி வராது என்றார் அந்தச் சமூகப் பணியாளர் அம்மா. குழுமத்துக்குப் போகிறவர்கள் பள்ளிச் சான்றோடு மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழையும் முதல் நாளே எடுத்துப் போங்கள்.