பூஜ்ஜியம் சதவீதம்

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளிக்கு மூடிய டி.டி.பி. கடை இன்றுதான் திறந்தது. கடைக்கார அண்ணன் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அடித்துப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். ஐந்து இயல், 262 பக்கம், ‘சங்கப் பாடல்களில் உமணர்’. உமணர் என்றால் அந்தக் கால உப்பு வணிகர். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் ஆறு வருஷமாக எழுதியது. சமர்ப்பிக்கக் கடைசித் தேதி 29. நிறைய நாள் இருக்கிறது என்று இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் படித்துச் சிரிக்கலாம்.

நவம்பர் 6, புதன்

நூலகத்தில் ஒப்புமைச் சோதனை, பிறர் எழுதியதோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது. 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் கொண்டுவந்த விதி. சாயங்காலமே முடிவு வந்துவிட்டது: பூஜ்ஜியம். போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். “அக்கா, அப்ப நீ யாரையுமே படிக்கலையா?” என்று கேட்டாள். கிண்டல்தான். ஆனால் படுத்த பிறகு உறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் பாட்டும் உரையும் எடுத்துக் காட்டியிருக்கிறேன், பூஜ்ஜியம் எப்படி வரும்?

நவம்பர் 7, வியாழன்

நூலக அம்மா கூப்பிட்டார். “எந்த ஃபான்ட்ல அடிச்சீங்க?”

பாமினி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினார். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. என் கண் சட்டையைப் படித்தது; சோதனை செய்த மென்பொருள் 262 பக்கமும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலைப் படித்துவிட்டு, இப்படி உலகத்தில் யாருமே எழுதவில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது.

தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணை போட்டது 2010இல். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்துத் தாளைக் கொடுத்துவிட்டு எதில் அடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காதவள் நான்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

பாமினியை யூனிகோடாக்க எழுத்துரு மாற்றியில் போட்டால் ஒரே நிமிஷம் என்றார்கள். ஒரு நிமிஷம்தான். தமிழ் அழகாக வந்தது, துணைநூற் பட்டியலில் இருந்த ஆங்கிலமும் சேர்ந்து ‘தமிழாகி’ விட்டது! ‘தி’ என்ற ஆங்கிலச் சொல் வருமிடமெல்லாம் ‘வாந’. காற்புள்ளி எல்லாம் ‘இ’. உப்பு வணிகம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் ஏதோ புதிய பாஷையில் நிற்கின்றன. 41 பதிவுகளையும் கையால் திரும்ப அடித்தேன். அம்மா காபி வைத்துவிட்டுப் போனது ஆறிய பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 11, திங்கள்

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “அண்ணே, யூனிகோடுல அடிக்க தமிழ்99 கீபோர்டு பழகுங்க.” “அம்பது வயசுல விரலை மாத்தச் சொல்றியேம்மா” என்றார். பேசிக்கொண்டே ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து முடித்தார். அந்த வேகத்தைப் பார்த்த பிறகு மேலே பேச எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மறுசோதனை: 27 சதவீதம். நெறியாளர் ஐயா பதறிவிட்டார். நூலக அம்மா பதறவில்லை. ஆதாரம் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், தொடர்ச்சியாகப் 14 சொல் வரையிலான பொதுத் தொடர்கள் எல்லாம் விதிப்படியே கழியும். கழித்தபின் 7.

அந்த ஏழில் ஒன்றுதான் என்னை உட்கார வைத்தது. மூன்றாம் இயலில், உமணர் வண்டி மேட்டில் ஏறும்போது மாடு திணறுவதைப் பற்றி இரண்டு வாக்கியம். எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது, ஐயாவும் பாராட்டினார். ஒரு பழைய உரையாசிரியரின் வாக்கியம் அது, சொல் மாறாமல். ஏதோ ஒரு நோட்டில் குறித்து வைத்து, ஊர் பேர் போட மறந்து, நாலு வருஷத்தில் என்னுடையதாகவே ஆகிவிட்டது. மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் போட்டேன். ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். “போட்டாச்சில்ல, விடு” என்றார்.

நவம்பர் 27, புதன்

மழை. கோப்புகளைப் பிரித்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்தபின் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை ஷோத்கங்காவில் ஏற்றும். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிற களஞ்சியம். அதற்கு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பு வேண்டும். 01 தலைப்பு, 02 முன்பக்கங்கள் என்று வரிசையாகப் போய், தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்த கோப்புக்கு மட்டும் நேராக 80. ஏன் 80 என்று கேட்டேன். “எப்பவும் 80தான்” என்றார் அலுவலர்.

நவம்பர் 29, வெள்ளி

இணையதளத்தில் ஏற்றியாயிற்று. மூன்று தடவை பாதியில் நின்றது. நாலாவதில் பச்சை டிக். ஆனால் வேலை முடியவில்லை. மின்னணுச் சமர்ப்பிப்புக்கு அடையாளமாக நாலு பைண்டிங் பிரதியும் ஒரு சி.டி.யும் செக்‌ஷனில் கொடுக்க வேண்டும். என் லேப்டாப்பில் சி.டி. போட வழி கிடையாது. போட்டோ ஸ்டூடியோவில் கெஞ்சி எழுதி வாங்கி, நனையாமல் இருக்கப் பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அலுவலர் வாங்கி, மேலே பதிவு எண்ணை எழுதி, இழுப்பறையில் மற்ற சி.டி.களோடு போட்டார்.

“சார், இதைப் போட்டுப் பார்ப்பீங்களா?”

ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்: “போட்டுப் பார்க்க இங்க டிரைவ் ஏதும்மா?”