மூன்றாவது கம்பி ஒருவழியாக அடங்கியது

திங்கள் இரவு டியூன் பண்ணி மாட்டி வைத்த கிட்டாரை இன்று காலையில்தான் எடுத்தேன். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஜி கம்பியைத் தட்டினேன். விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒன்றரை மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்திய கம்பி அது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிட்டார் ஐபனெஸ் ஏஎஸ்73, செமி ஹாலோ, அதாவது உடல் கூடுதான், ஆனால் நடுவில் ஒரு மரக்கட்டை ஓடும். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சர்ச் கொயரில் பன்னிரண்டு வருடம் அக்கூஸ்டிக் வாசித்துவிட்டு, கடைசி இரண்டு வருடமாக ஜாஸ் பக்கம் சாய்ந்தவன் நான். அதுவரை நண்பனின், கூடே இல்லாத சாலிட் பாடி கிட்டாரில்தான் பழகினேன். சொந்தமாக ஒன்று என்று வந்தபோது மனசெல்லாம் உள்ளே கட்டையே இல்லாத முழு ஹாலோ மீதுதான். ஜாஸ் கிட்டாரிஸ்டுகள் ஜிம் ஹால், ஜோ பாஸ் கையில் இருந்த கிப்சன் இஎஸ்-175 முழு ஹாலோ, 1949-ல் வந்தது. வெஸ் மாண்ட்கோமரியின் எல்-5-உம் அப்படியே. இவர்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு எது பிடிக்கும்?

குளச்சலிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம். திருவனந்தபுரம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு கடையில் முழு ஹாலோவான ஏஎஃப்75, செமி ஹாலோவான ஏஎஸ்73 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு முழு மதியம் வாசித்தேன். ஏஎஃப்75-ஐ மடியில் வைத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மெதுவாக நகர்த்தினால் கார்டு நெஞ்செலும்பில் அதிர்ந்து அடங்குகிறது. சரி, இதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். அப்புறம் ஆம்ப்பைக் கூட்டினேன். எங்கள் சர்ச்சில் டிரம்ஸுக்கு மேலே கேட்க எவ்வளவு வைப்பேனோ, அந்த அளவுக்கு. கம்பியைத் தொடாமல் சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, ஐந்தாவது கம்பி தானாக முனக ஆரம்பித்து ஊளையாக ஏறியது. ஏஎஸ்73-ஐ அதே நாற்காலியில், அதே வால்யூமில் வைத்தேன். சத்தமே இல்லை. நடுவில் ஓடுகிற கட்டை மேல்பலகையை ஆடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 1958-ல் கிப்சன் இஎஸ்-335-க்குள் மேப்பிள் கட்டை வைத்ததற்குக் காரணமே இந்த ஊளைதானே.

என் வீட்டில் வாசிக்கிற அறை பத்துக்குப் பத்து. ஆம்ப் முழங்காலுக்கு மூன்றடி தள்ளி இருக்கும். மேடையிலும் மானிட்டர் காலடியில். இந்த நிலைமைக்கு செமி ஹாலோதான் சரி, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஜான் ஸ்கோஃபீல்ட் காலமெல்லாம் வாசிக்கிற ஐபனெஸ் ஏஎஸ்-200 செமி ஹாலோதான். அதை ஜாஸ் இல்லை என்று யார் சொல்வார்கள்? இன்னொரு வசதியும் உண்டு. முழு ஹாலோவில் பெரும்பாலும் பிரிட்ஜ் மரக்கால் மேல் ஒட்டாமல் நிற்கும், கம்பியை மொத்தமாகக் கழற்றினால் நகர்ந்துவிடும். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸில் வேனுக்குள் இடிபட்டு ஊர் ஊராகப் போகிற கிட்டாருக்கு அது ஒத்துவராது.

பழையது தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 335 மாதிரி இருக்கிறது என்பதற்காக உள்ளே கட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். இஎஸ்-330, எபிஃபோன் கசினோ எல்லாம் பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே வெறும் காற்று. மார்த்தாண்டத்தில் ஒருவர் செமி ஹாலோ என்று சொல்லிக் காட்டிய கிட்டாரில் எஃப் துளை வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்துத் துளை வரைக்கும் வெளிச்சம் தடையில்லாமல் போனது. நல்ல கிட்டார்தான், எனக்கு வேண்டியது அது இல்லை.

கிட்டாரோடு வந்தது 10-46 கம்பி செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அதில் எவ்வளவு டோனைக் குறைத்தாலும் ஒரு பளபளப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. தட்டை நாடா சுற்றி வழுவழுப்பாக இருக்கிற ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டே ஆக வேண்டும். நாகர்கோவிலில் ஏறி இறங்காத கடை இல்லை. எங்கே கேட்டாலும் அக்கூஸ்டிக் செட், இல்லையென்றால் எலக்ட்ரிக்கில் 9, 10. ஒரு கடை அண்ணாச்சி, “அப்படி ஒண்ணு யாரும் இதுவரை கேட்டதே இல்லையே தம்பி” என்றார். ஆன்லைனில் டாடாரியோ குரோம்ஸ் 11-50 வரவழைத்தேன். போட்ட அன்றைக்கே அந்த உருண்டையான, தடித்த சத்தம் வந்துவிட்டது. கடல்காற்றுக்கும் இது தேவலை. சுற்றுக்கு நடுவே வியர்வை போய் உட்கார இடம் கிடையாது. மேலே இரண்டு வெறும் கம்பிகளுக்கு மட்டும் இப்போதும் துரு வருகிறது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைக்கிறேன்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. பழைய செட்டில் ஜி கம்பி சுற்றில்லாத 17. புதியதில் அதே இடத்தில் சுற்றுக் கம்பி, 22. மில்லிமீட்டரில் சொன்னால் 0.43 படுத்திருந்த நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பட்டை) பள்ளத்தில் 0.56 வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை, மேலே கவ்விக்கொண்டு நின்றது. முறுக்கினால் டியூனர் ஊசி அசையாது, அசையாது, பிறகு ‘டிங்’ என்று ஒரு சத்தம், ஒரேயடியாகக் கால் சுரம் ஏறிவிடும். இறக்கினாலும் அதே கதை. பென்சில் தூள் போட்டேன், நான்கு நாள் தாங்கியது.

நட் அரம் செட் ஒன்றின் விலையைப் பார்த்தால் கிட்டார் விலையில் நல்ல பங்கு. யோசித்துக்கொண்டிருந்தபோது வடசேரி ஞாபகம் வந்தது. பரதநாட்டியக்காரர்கள் போடுகிற கோயில் நகை செய்கிற ஊர், அதற்குப் புவிசார் குறியீடே உண்டு. கல் பதிக்கிற இடத்தை மயிரிழை மயிரிழையாக அராவுகிறவர்களிடம் இல்லாத அரமா? கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே போனேன். பட்டறையில் இருந்த வயதான அண்ணாச்சி நட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தகடு அறுக்கிற மெல்லிய வாள் பிளேடு இரண்டும், ஊசி அரம் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். “மக்ளே, அரத்த அழுத்தாத. அதுவா தின்னட்டும்” என்றார். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் அழுத்திவிட்டேன். பிளாஸ்டிக் நட், நாலே இழுப்பில் பள்ளம் ஆழமாகிவிட்டது. திறந்த ஜி கம்பி தம்புராவில் ஜீவா நூல் வைத்தது போல் இரைந்தது. நட்டையே மாற்ற வேண்டுமோ என்று அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் அடுக்களையிலிருந்து ஆப்ப சோடா ஒரு சிட்டிகை எடுத்துப் பள்ளத்தில் நிரப்பி, ஊசி முனையால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று ஒரு புகை, பத்து விநாடியில் கல் மாதிரி இறுகிவிட்டது. சுற்றிலும் பேப்பர் டேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள், வழிந்தால் விரல் அழுத்துகிற பலகையான ஃபிரெட்போர்டில் கறை போகாது.

இரண்டாம் முறை அண்ணாச்சி சொன்னபடியே செய்தேன். பிளேடை அதன் பாரத்தில் மட்டும் ஓடவிட்டேன், ஒரு நேரத்துக்கு மூன்று இழுப்பு. ஒவ்வொரு மூன்றுக்கும் கம்பியை ஏற்றி டியூன் பண்ணிப் பார்ப்பேன், திரும்ப இறக்குவேன். முறுக்காணிகள் இருக்கிற ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றே சரிவாக இருக்க வேண்டும், ஃபிரெட்போர்டு பக்கத்து விளிம்புதான் மேடு. ஜீவா சத்தம் வந்ததற்குக் காரணம் அந்த விளிம்பு தாழ்ந்ததுதான். பள்ளத்தின் அடியை உருட்டிவிட, பழைய செட்டின் டி கம்பியை அறுத்து வைத்திருந்தேன். அதன் மேல் மிக நைசான எமரித் தாளைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தேன். ஆழம் போதுமா என்று பார்க்க, இரண்டாவது ஃபிரெட்டுக்கும் (பலகையின் குறுக்கே இருக்கிற உலோகக் கட்டு) மூன்றாவதுக்கும் நடுவே கம்பியை அழுத்திப் பிடித்து முதல் ஃபிரெட்டின் மேல் கண்ணை வைப்பேன். மெல்லிய தாள் ஒன்று நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் முதல் ஃபிரெட்டில் பிடிக்கிற எஃப் கார்டு ஷார்ப் அடிக்கும், சுத்தமாக இல்லாமல் போனால் மறுபடி ஆப்ப சோடா. எண்ணிக்கொண்டே வந்தேன், கம்பியைப் பதினேழு தடவை ஏற்றி இறக்கினேன். பதினெட்டாவது தடவை ‘டிங்’ இல்லை. ஊசி எண்ணெயில் போவது போல் நகர்ந்தது. அந்த நிமிடம் நான் பட்ட சந்தோஷம் கிட்டார் வாங்கிய அன்றைக்குக்கூட இல்லை.

டி, ஏ, கீழ் இ மூன்றும் 0.1 மில்லிமீட்டர்தான் அதிகம், அவற்றுக்கு இரண்டு இரண்டு இழுப்பே போதுமாக இருந்தது. கழுத்து கொஞ்சம் முன்னுக்கு வளைந்ததால் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டான டிரஸ் ராடையும் கால் சுற்றுத் திருகினேன்.

இன்டோனேஷன், அதாவது எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக வரச் செய்கிற வேலை, பாதிதான் முடிந்திருக்கிறது. ஜி கம்பி சுற்றுக் கம்பியாக மாறியதால் பிரிட்ஜில் அது படுக்கிற சேடிலைக் கழுத்துப் பக்கம் நன்றாக முன்னே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆறாவது கம்பி பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இன்னும் இம்மி ஷார்ப். அதை முடிக்காமலே கை அடுத்த வேலைக்குத் துடிக்கிறது. வால்யூமை ஏழுக்கு இறக்கினால் சத்தம் மங்கிவிடுகிறது. ஃப்ளாட்வவுண்டுக்கு இந்த மங்கல் தாங்காது. டோன் கபாசிட்டரை வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) நடுக்காலுக்கு மாற்றி 1950-களின் வயரிங்காக்கலாம் என்று இருக்கிறேன். பாட்டை எஃப் துளை வழியாக வெளியே எடுத்துத் திரும்ப இழுத்துப் பொருத்தத் தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) வேண்டும். அது மட்டும் குளச்சலில் எந்த வலைக் கடையில் கேட்டாலும் கிடைக்கும், ஒரு சுருள் வாங்கியாயிற்று. பாட்டின் தண்டில் மாட்ட மீன் தொட்டிக் காற்றுக் குழாய் ஒரு சாண் வாங்க வேண்டும். மழை விட்டதும் சால்டரிங் அயர்னை எடுக்கிறேன், அதற்குள் ஆறாவது கம்பியை முடித்துவிட வேண்டும்.