ஓனர்னா அப்படித்தானுங்க சார்

அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் போடும் திட்டம் 2022-23 கல்வியாண்டில் வந்தபோது, என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு அது பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. ப்ரொஜெக்டர் வேலை செய்யுமா, கரண்ட் இருக்குமா, ஜன்னலுக்கு எதைக் கட்டி இருட்டாக்குவது என்று ஆளுக்கொரு கவலை. ஆனால் படம் முடிந்த பிறகு நடக்கும் கூத்துதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது எழுந்து "இந்தப் படம் கூறும் நீதி என்ன?" என்று கேட்பார்கள், பிள்ளைகளும் தயாராக வைத்திருக்கும் பதிலை எடுத்து நீட்டுவார்கள். அன்பே பெரிது, ஒற்றுமையே பலம், பெற்றோர் சொல் கேட்க வேண்டும். சாப்ளின் படத்துக்கும் இதே பதில், பலூன் படத்துக்கும் இதே பதில். படமே பார்க்காமல்கூட இந்த பதிலைச் சொல்லிவிடலாம்.

அதனால் திட்டத்தில் இல்லாத ஒரு படத்தை நூலக வகுப்பில் என் விருப்பத்துக்குப் போட்டுக் காட்டினேன். ஜப்பானில் 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே'. ஹயாவோ மியாசாகி எடுத்தது, 2003-இல் ஆஸ்கரும் வாங்கியது. இதையெல்லாம் நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, விருது வாங்கிய படம் என்றாலே கொட்டாவி விடுவார்கள். சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண் அப்பா அம்மாவோடு புது ஊருக்குக் குடிபோகிற வழியில் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, தேவதைகளும் ஆவிகளும் குளிக்க வருகிற ஒரு பெரிய குளியல் விடுதியில் மாட்டிக்கொள்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டேன்.

எங்கள் பள்ளி திருப்பூரில். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் யாராவது பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். டைலர், செக்கிங், அயர்ன், கைமடி, பிசிறு வெட்டுவது என்று ஒவ்வொரு வேலையின் பெயரும், எதற்கு எவ்வளவு கூலி என்பதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஆர்டர் நெருக்கினால் அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரிதான் வருவாள், சனிக்கிழமை சம்பளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாயாஜாலப் படம் என்று நான் போட்ட படத்தை அவர்கள் ஒரு கம்பெனியின் கதையாகப் பார்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் படம் அப்படித்தான் இருக்கிறது. சிஹிரோவின் அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் பரப்பி வைத்திருக்கும் சாப்பாட்டை எடுத்துத் தின்று பன்றியாகிவிடுகிறார்கள், அவள் தப்பிக்க ஒரே வழி அங்கே வேலைக்குச் சேர்வது. வேலை செய்யாதவர்களை விடுதிக்காரி யுபாபா விலங்காக மாற்றிவிடுவாள். வாள் கிடையாது, போர் கிடையாது. பத்து வயதுப் பெண் தரை துடைக்கிறாள், அழுக்குத் தொட்டி தேய்க்கிறாள், அதுதான் சாகசம்.

அப்பா அம்மா மேல் பிள்ளைகளுக்குப் பயங்கர கோபம். அந்த அப்பா, என்னிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது, காசு இருக்கிறது, கவலைப்படாதே என்கிறார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பின்னால் இருந்து ஒரு குரல், "கடைக்காரரைக் கேக்காம எடுத்தா காசு இருந்தாலும் திருட்டுதானுங்க சார்." தீர்ப்பு முடிந்தது. பன்றியானதில் யாருக்கும் வருத்தமில்லை.

ஒலி ஜப்பானிய மொழியில், கீழே ஓடுவது ஆங்கிலத்தில், ஆகவே நான் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊமைப்பட காலத்தில் ஜப்பானில் பென்ஷி என்று ஒருவர் திரை ஓரம் இருந்து கதை சொல்வாராம், நம் பக்கத்துக் கொட்டகைகளிலும் அப்படி ஆட்கள் உண்டு. எனக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. யுபாபாவின் அறைக்குள் சிஹிரோ நுழைந்த கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒருத்தி திரும்பாமலே கையைக் காட்டி, "பேசாதீங்க சார், புரியுது" என்றாள். அப்புறம் கேட்டால் மட்டும் சொன்னேன்.

யுபாபாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பெரிய தலை, கை நிறைய மோதிரம், மேசை முழுக்கக் காசும் நகையும். வில்லி என்று சொல்வதற்கு எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை. யுபாபா எத்தனை மிரட்டினாலும் சிஹிரோ "எனக்கு வேலை கொடுங்கள்" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், கேட்கிறவர்களுக்கெல்லாம் வேலை கொடுப்பதாகத் தான் செய்த சத்தியத்தை நொந்துகொண்டே யுபாபா ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுகிறாள். அம்மா செக்கிங்கில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் சொன்னான், "ஓனர்னா அப்படித்தானுங்க சார் இருப்பாங்க. கத்துவாங்க. ஆனா சொன்ன சொல்லுக்கு வேலை குடுத்துட்டாங்கல்ல?" யுபாபா தன் குண்டுக் குழந்தையைத் தலையணைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து வளர்ப்பதை ஒருத்தி கவனித்து, வேலைக்காரிகளிடம் சிடுசிடுப்பவள் பிள்ளையிடம் குழைகிறாள், எங்கள் கம்பெனி முதலாளி வீட்டிலும் இதேதான் என்றாள். நியாயமும் இல்லை, நல்லவள் பட்டமும் இல்லை. ஓனர், அவ்வளவுதான்.

பாய்லர் அறையில் ஆறு கையோடு இருக்கும் கமாஜிக்கு முதல் நிமிஷத்திலேயே 'பாய்லர் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாயப்பட்டறைப் பக்கம் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு பாய்லர் ஒன்றும் புதிது இல்லை. அந்த அறையில் கண் முளைத்த கரித்தூள் உருண்டைகள் நிலக்கரி தூக்கும். பாரம் தாங்காமல் நசுங்கிப்போன ஒன்றின் கரியை சிஹிரோ எடுத்துக் கொண்டுபோய் அடுப்பில் போட, அடுத்த நொடி அத்தனை உருண்டைகளும் கரியைக் கீழே போட்டுவிட்டு நசுங்கியதுபோல் நடிக்கும். வகுப்பே சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண் மட்டும், "அதுங்க வேலை செய்யலைன்னா மறுபடியும் வெறும் கரியாயிருமாமே, அப்ப லீவே கிடையாதுங்களா?" என்று கேட்டாள். இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

கமாஜி, லின் என்ற மூத்த வேலைக்காரப் பெண்ணிடம் ஒரு வறுத்த பல்லி மாதிரியான ஜந்துவைக் கொடுத்து, இவளை யுபாபாவிடம் கூட்டிப்போ என்கிறார். "கமிஷன்!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கமிஷன் வாங்கினாலும் லின்தான் அவர்களுக்கு மிகப் பிடித்த ஆள். முதலில் எரிந்து விழுகிறாள், பிறகு சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறாள், என்றாவது ஒரு நாள் இங்கிருந்து ரயிலேறிப் போய்விடுவேன் என்கிறாள். கம்பெனிக்குப் புதிதாகச் சேர்ந்தால் இப்படி ஒரு அக்கா வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாயகன் ஹாக்குவுக்குக்கூட இவ்வளவு ஓட்டு விழவில்லை. அவன் தனியாக இருக்கும்போது அன்பாகவும் நாலு பேர் முன்னால் முறைப்பாகவும் பேசுகிறானாம், அதெப்படி நம்புவது என்று பெண்கள் கேட்டார்கள். பையன்களுக்கு அவன் டிராகன் ஆனது போதும்.

யுபாபா ஒப்பந்தத் தாளிலிருந்து சிஹிரோவின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கையில் பிடுங்கிக்கொள்வாள், அதன் பிறகு எல்லோரும் அவளை 'சென்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், அந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். பக்கத்துப் பெண் எழுந்து, "சார், இவளுக்கும் ஊர்ல பெரிய பேராம், இங்க ரெஜிஸ்டர்ல பாதிதான் இருக்காம்" என்றாள். மறுநாள் ஆதார் அட்டையோடு வந்தாள், பதிவேட்டில் திருத்தியாகிவிட்டது.

படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரே மூச்சில் போட முடியாது. நாற்றமடிக்கும் சேற்று உருவம் ஒன்று குளிக்க வருகிற காட்சியில் அன்றைக்கு நிறுத்தலாம் என்று முன்பே திட்டமிட்டிருந்தேன். எல்லோரும் மூக்கைப் பிடித்து ஓட, சிஹிரோவிடம் அந்த வேலை தள்ளிவிடப்படுகிறது. அந்த உருவத்தின் உடம்பில் எதுவோ முள் மாதிரி குத்திக்கொண்டிருக்கிறது. கயிற்றைக் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தால் முதலில் ஒரு சைக்கிள், அதன் பின்னால் மூட்டை மூட்டையாகக் குப்பை. கடைசியில் தெரிகிறது, அது சேறு இல்லை, ஒரு ஆற்றின் தெய்வம்.

"நொய்யலுங்க சார்!"

திருப்பூர் வழியாக ஓடும் ஆறு அது. யார் சொன்னது என்று தெரியவில்லை, எல்லோருக்கும் அதுதான் வாயில் இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. நொய்யலில் போய்ச் சேரும் ஜம்மனைப் பள்ளம் என்ற ஓடையின் ஓரமாக நடந்துதான் பலர் பள்ளிக்கு வருகிறார்கள், அங்கே என்னென்ன கிடக்கும் என்பது அவர்களுக்கு என்னைவிடத் தெரியும். சாயத் தண்ணீர் போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பற்றியும், அப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த தாத்தாக்களைப் பற்றியும் அன்றைக்கு அவர்களே பேசிக்கொண்டார்கள். ஆறும் வேண்டும், பட்டறையும் ஓட வேண்டும் என்று ஒருவன் சொன்னான், அப்படியென்றால் யார் சுத்தம் செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள், கொஞ்சம் சண்டைகூட ஆனது. மியாசாகி ஒருமுறை நிஜமாகவே ஓர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போய், உள்ளேயிருந்து சைக்கிளை இழுத்த அனுபவத்தில்தான் அந்தக் காட்சியை வைத்தார் என்று நான் சொன்னதும், ஜப்பானிலுமா சைக்கிளை ஆற்றில் போடுவார்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். ஜப்பான் என்றால் எல்லாம் சுத்தம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மீதிப் படத்தில் முகமூடிக்காரர்தான் பேச்சு. வெள்ளை முகமூடி போட்ட கறுப்பு நிழல் அது, பேச்சு வராது, "ஆ... ஆ..." என்று கையை நீட்டும். சிஹிரோ கதவைத் திறந்துவிட்டாள் என்பதற்காக அவள் பின்னாலேயே சுற்றும். தங்கம் தருவதாகக் காட்டி ஆட்களை மயக்கி, தின்று தின்று ஊதி, மூன்று பேரை விழுங்கியும்விடும். தங்கம் பிறகு வெறும் மண்ணாகிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் "பாவமுங்க சார்" என்றார்கள். அவர் கெட்டவர் இல்லையாம், அந்த விடுதிக்குள் போனதும் எல்லோரும் காசுக்கு அலைவதைப் பார்த்துத்தான் அப்படி ஆனாராம், வெளியே வந்ததும் சரியாகிவிட்டாராம். தண்ணீருக்கு நடுவில் ஓடும் அந்த ரயிலில் அவர் சிஹிரோ பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் நீண்ட காட்சியில் ஒரு சத்தமில்லை. ஜார்க்கண்டிலிருந்து வரும் தன்பாத் ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

ரயில் போய்ச் சேரும் இடம் யுபாபாவின் அக்கா ஜெனிபாவின் வீடு. அங்கே முகமூடிக்காரர் உட்கார்ந்து நூல் சுற்றுகிறார், பின்னுகிறார். நீ இங்கேயே இருந்து எனக்கு உதவு என்கிறாள் ஜெனிபா. திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது போலிருக்கிறது, கை தட்டினார்கள். "அவருக்கு வேலை இல்லாததுதான் சார் பிரச்சினையே. இப்பத்தான் நிட்டிங்ல சேர்ந்துட்டாரே" என்றான் ஒருவன்.

முடித்துவிட்டு வகுப்பை விடலாம் என்றால் விடவில்லை. கடைசியில் யுபாபா ஒரு பன்றிக் கூட்டத்தை நிறுத்திவைத்து, இதில் உன் அப்பா அம்மா யார் என்று கேட்பாள், சிஹிரோ ஒருமுறை பார்த்துவிட்டு இதில் யாருமே இல்லை என்று சரியாகச் சொல்லிவிடுவாள். எப்படிக் கண்டுபிடித்தாள்? படம் அதைச் சொல்லாது. வாசனையில் தெரிந்திருக்கும் என்றாள் ஒருத்தி. பெற்ற அப்பா அம்மா என்றால் பன்றியாக இருந்தாலும் கண்ணில் தெரியும் என்றாள் இன்னொருத்தி. அப்போது 'ஓனர்' பையன் எழுந்தான். அந்தப் பன்றிகளெல்லாம் வேஷம் கலைந்ததும் விடுதி வேலையாட்களாகத்தானே மாறிக் குதித்தார்கள்? "கூட வேலை செஞ்சவங்களை அவளுக்குத் தெரியாதுங்களா சார்?"

நான் அசந்துபோனேன். ஆனால் முன்வரிசைப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படித் தெரிந்திருந்தால் லின் அக்கா எந்தப் பன்றி என்று அவன் காட்டட்டும், மறுபடி அந்த இடத்தைப் போடுங்கள் என்றாள். போட்டேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் இன்னும் முடிவாகவில்லை.