மிஸ் மார்பிள் வரும் இரவுகள்

நவம்பர் 14, வெள்ளி

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள். பிபிசி எடுத்த அந்தப் பழைய தொடரை மறுபடியும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1984 முதல் 1992 வரை 12 நாவல்கள். எல்லாவற்றிலும் மார்பிளாக ஜோன் ஹிக்சன்தான். முதல் கதை ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 78. அந்த முதுமையை ஒளிக்க யாரும் மெனக்கெடவில்லை. மடியில் பின்னல் வேலை, எதிரே இருப்பவரை விட்டு அகலாத வெளிர்நீலக் கண்கள். செல்லப் பாட்டியாகக் குழையாத அந்தக் கண்டிப்புதான் எனக்கு உயிர்.

நவம்பர் 15, சனி

இன்று ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’. இன்ன வீட்டில் மாலை 6.30 மணிக்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வருகிறது. ஏதோ விளையாட்டு என்று அக்கம்பக்கத்தார் கிளம்பி வருகிறார்கள். அதைப் படித்துத்தான் வந்தோம் என்று சொல்லக் கூச்சம்; ஆளுக்கொரு சாக்கு. கையில் ஷெர்ரி ஒயின், கண்ணெல்லாம் கடிகாரத்தின் மேல். விளக்கு அணைகிறது.

இந்தக் கதகதப்புக்கு அடியில் இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்து இருக்கிறது. ரேஷன் இன்னும் தீரவில்லை. எங்கிருந்தோ குடிவந்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை ஊர் அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது. முன்பு கிராமத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு மர்கட்ராய்டின் சாவு. துணி எடுக்கப் போனவள் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். கூடவே வாழ்ந்த ஹின்ச்கிளிஃப், அதுவரை விறைப்பாக நடமாடியவள், நொறுங்கிப்போகிறாள். இறந்தவருக்காக அழ ஓர் ஆள் இருப்பதால்தான் இத்தனை கொலைகளைப் பார்த்தும் மனம் கசக்காமல் தூங்கப் போகிறேன். வெறும் புதிராக இருந்தால் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்க மாட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

மாறுதலுக்கு ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் துப்பறியும் தொடர். 1997-இல் தொடங்கியது, ஜான் நெட்டில்ஸ் நாயகனாக நடித்த காலத்துக் கதை. தெரமின் என்ற, தொடாமலே வாசிக்கும் மின்னணுக் கருவி இழையும் முகப்பு இசை அருமை. ஆனால் பிணங்கள் வேகமாக விழுகின்றன, துக்கத்துக்கு நேரமில்லை.

நவம்பர் 19, புதன்

மீண்டும் ஹிக்சன். ‘தி பாடி இன் த லைப்ரரி’. இன்ஸ்பெக்டர் ஸ்லாக்காக வரும் டேவிட் ஹொரோவிச்சுக்கு எப்போதும் அவசரம். கேள்வி முடிவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். மார்பிளோ செத்த பெண்ணின் கடித்த நகங்களைக் கவனிக்கிறார். அரட்டையை, வேலைக்காரப் பெண்ணின் தயக்கத்தை, யாரும் பொருட்படுத்தாத சிறுமி சொல்வதை முழுக்கக் கேட்கிறார். கேமராவும் அவரோடு காத்திருக்கிறது. இப்போது வரும் தொடர்களில் அந்தப் பொறுமையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாளை ‘நெமிசிஸ்’.