முன்னூறு பிரதி அடித்த தட்டும் மட்டக்களப்பு மாரியும்

பங்க், அதைவிட வேகமான ஹார்ட்கோர் ஆகிய ரொக் இசை வகைகளின் வினைல் இசைத்தட்டுச் சேர்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேடலில் இருந்துதான் தொடங்குவார்கள். மட்டக்களப்பில் இருந்து சேர்க்கிறவர் முதலில் பாதுகாக்கப் படிக்க வேண்டும். இந்த இசையின் ஆரம்பகாலத் தட்டுகள் மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டவை. 1976இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து 'த செயின்ற்ஸ்' குழுவினர் தங்கள் முதல் தட்டைத் தாங்களே 500 பிரதி அடித்தார்கள். அமெரிக்கக் குழுவான 'மிஸ்ஃபிற்ஸ்' 1977இல் போட்ட முதல் தட்டும் 500 தான். 1980இல் வாஷிங்டனில் தொடங்கிய 'டிஸ்கோர்ட்' என்ற வெளியீட்டு நிறுவனம் தன் முதல் வெளியீடாக 'டீன் ஐடில்ஸ்' குழுவின் தட்டை 1000 பிரதி அடித்தது. அந்த உறைகளை இளைஞர்கள் கையால் வெட்டி, மடித்து, பசை பூசி ஒட்டினார்கள். பேர் தெரியாத ஊர்களின் பேர் தெரியாத குழுக்கள் முன்னூறோடு நிறுத்திக்கொண்டன. அப்படி ஒரு தட்டு எங்கட அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துப் போனால், உலகத்தில் மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தில் ஒன்று போய்விடும்.

தட்டுக்கும் அட்டைக்கும் உகந்த காற்று ஈரப்பதம் 45 முதல் 50 வீதம். 65, 70ஐத் தாண்டினால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். மாரியில் இங்கே அது 80க்கு மேலே சாதாரணமாகப் போகும். கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. உப்பும் சேர்ந்து வரும். வினைலை ஈரம் நேரடியாகக் கெடுக்காது. கெடுவது அதைச் சுற்றியுள்ள காகிதம்: உறை, நடுவில் ஒட்டிய பெயர்த் தாள், உள்ளே வைத்த பாட்டு வரித் தாள். காகிதத்தில் பிடித்த பூஞ்சணம் அங்கிருந்து தட்டின் வரிப்பள்ளத்துக்குள் இறங்கும். கையால் ஒட்டிய பழைய உறைகளில் பசை இளகி மடிப்பு பிரிந்துவிடும்.

ஏழு அங்குலத் தட்டுகளுக்கு அலுமாரியை விடப் பெட்டி நல்லது. மூடியில் றப்பர் வளையம் உள்ள, சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். சாய்ந்தால் வளையும், அடுக்கினால் கீழே உள்ளது நசியும். 20 லீற்றர் பெட்டிக்கு 200 முதல் 300 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது காய வைப்பது என்று தெரியும். செம்மஞ்சள் நிற வகையை எடுங்கள். நீல வகையில் உள்ள கோபால்ட் நச்சு. நிறம் மாறியதும் ஜெல்லை உலோகத் தாம்பாளத்தில் பரப்பி, சமையல் அவனில் (oven) 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து, ஆற விட்டுத் திரும்பப் போடலாம்.

பெட்டிக்குள் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வேண்டும். மலிவானவை பிழையாகக் காட்டும், அதனால் முதலில் சோதியுங்கள். போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்புப் போட்டு, களியாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணி விட்டு, மானியோடு சேர்த்து, சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துப் பாருங்கள். மழை நாளில் பெட்டியைத் திறக்க வேண்டாம். கழுவுகிற, புரட்டிப் பார்க்கிற வேலை எல்லாம் கச்சான் வீசுகிற மாதங்களுக்கு, மே தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கு, வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிலத்தில் இருக்கவே கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. இடுப்பளவு உயரத்து றாக்கை, வெளிச் சுவரில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி. அப்படி வைத்தால் கறையானும் இலகுவில் ஏறாது. ராமபாணப் பூச்சிக்கும் கரப்பொத்தானுக்கும் பசை பூசிய உறை என்றால் விருந்து. இறுக்கமான மூடிதான் அவற்றுக்கு மருந்து. பூச்சி உருண்டை போட வேண்டாம், அந்த மணம் காகிதத்தை விட்டுப் போகாது.

வெளியுறைப் பை விஷயத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. கண்ணாடி போலத் தடித்த, மணக்கிற பிவிசி பை எங்கட வெக்கைக்கு ஆகவே ஆகாது. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து தட்டில் புகார் போலப் படியும். அந்தப் படலம் கழுவினாலும் போகாது, பாட்டு முழுக்க இரைச்சல் கேட்கும். போட்டோகொப்பி எடுத்த உறை என்றால் எழுத்தின் கரி பிவிசியில் ஒட்டி உரிந்து வரும். பொலித்தீன் அல்லது பொலிப்புறோப்பிலீன் பைதான் வேண்டும். கடையில் என்ன வகை என்று சொல்லத் தெரியாவிட்டால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுங்கள்: மிதந்தால் எடுக்கலாம், தாழ்ந்தால் பிவிசியாக இருக்கலாம், வேண்டாம்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணியும் குழாய்த் தண்ணியும் சரிவராது. காய்ந்த பிறகு உப்பும் சுண்ணாம்பும் பள்ளத்துக்குள் நிற்கும். பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த நீரை வாங்குங்கள், அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாமல் பெயரை வாசியுங்கள். 800 மில்லிலீற்றர் வடித்த நீர், 200 மில்லிலீற்றர் ஐசோபுறொப்பைல் அல்ககோல், வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே துளி. பாமசியில் அல்ககோல் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தந்துவிடுவார்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், வேண்டாம். கைக்குப் பூசுகிற சனிடைசரில் கிளிசரின் இருக்கும், அதுவும் வேண்டாம். மென்மையான மயிர்த் தூரிகையால் பள்ளம் போகிற போக்கில் சுற்றித் தேய்த்து, பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை கழுவி, கோப்பை காய வைக்கிற தட்டில் நிமிர்த்தி நிழலில் காய விடுங்கள். பெயர்த் தாளில் ஈரம் படக்கூடாது. பழைய 78 சுற்றுத் தட்டுகளில் இந்தக் கலவையைத் தொடவே வேண்டாம், அல்ககோல் அவற்றைக் கரைக்கும். பூஞ்சணம் பிடித்த உறையை உடனே துடைத்தால் அது இன்னும் உள்ளே ஊறும். முதலில் சிலிக்கா ஜெல்லோடு தனிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் உலர விட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள்.

இனிப் போட்டுக் கேட்கிற பெட்டி. இங்கே வருகிற பழைய ஜப்பான் சாமான்களுக்குள் நல்ல தட்டுச்சுழற்றிகள் இருக்கும். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், எங்களுடையது 230. அதற்கு ஒரு டிரான்ஸ்போமர் போதும் என்று நினைத்து வாங்கிப் பாட்டுப் போட்டால் பாடகர் நித்திரையில் கத்துவது போல இருக்கும். வோல்ட் சரி, அதிர்வெண்தான் பிழை. ஜப்பானின் மேற்குப் பகுதியிலும் அமெரிக்காவிலும் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடுகிற ஏசி மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும்: நிமிடத்துக்கு 45 சுற்று என்பது 37½ ஆகும், சுருதி மூன்று அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்கும். அதை டிரான்ஸ்போமர் திருத்தாது. 50 ஹேர்ட்ஸுக்குரிய பெரிய புல்லி (மோட்டர் முனையில் பெல்ட் ஓடுகிற சில்லு) மாற்ற வேண்டும், அல்லது பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராகச் சுழற்றுகிற, வேகத்தைக் குவாட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிற மொடல் பார்த்து வாங்க வேண்டும். அவற்றுக்கு வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். கடையிலேயே சோதிக்கலாம்: தட்டு வைக்கிற சுழல் மேடையின் ஓரத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, 33⅓இல் விட்டு எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் 100 சுற்று வந்தால் சரி. 83 வந்தால் அது 60 ஹேர்ட்ஸ் பெட்டி. பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம், புதியது போடலாம்.

ஊசியில் சிக்கனம் பார்க்காதீர்கள். சூட்கேஸ் வடிவப் பெட்டிகளின் செறமிக் ஊசி ஐந்து கிராம் அளவு பாரத்தில் உழும். ஓடியோ டெக்னிக்கா விஎம்95ஈ போன்றதற்கு 2 கிராம் போதும். ஹார்ட்கோர் தட்டுகளில் உரப்பாக வெட்டிய உயர் ஒலிகள்தான் முதலில் தேயும், தேய்ந்தது திரும்பி வராது. 33ஆ 45ஆ என்று அச்சிடாத தட்டுகள் ஏராளம். குரல் மனிதக் குரலாகக் கேட்கிற வேகத்தை எடுங்கள். ஃபிளெக்சி எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வேறொரு தட்டின் மேல் விரித்து, பெயர் இருக்கிற நடுப்பக்கம் ஒரு சில்லறைக் காசு வைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.

தேடலுக்கு வருவோம். மட்டக்களப்புச் சந்தையிலோ கல்முனையிலோ இந்தத் தட்டு கிடைக்கும் என்று அலைய வேண்டாம். இங்கே உறவுதான் வழி. உங்கள் சித்தப்பாவோ மச்சாளோ எந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்த நாட்டுத் தட்டில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான யோசனை. ஒரு சின்னத் தட்டை உள்ளூர்த் தபாலில் அவர்கள் வீட்டுக்கு எடுப்பித்து, ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டு வரச் சொல்லலாம். 18 சென்ரிமீற்றர் அகலம், உறையோடு நூறு கிராமும் வராது. சுவிசில் ஆள் இருந்தால் சூரிச்சின் 'கிளீனெக்ஸ்' பெண்கள் 1978இல் போட்ட தட்டில் இருந்து தொடங்கும் ஒரு வரலாறே இருக்கிறது. திசுத்தாள் நிறுவனத்தின் நெருக்குதலால் பிறகு 'லிலிபுட்' என்று பெயர் மாற்றிக்கொண்ட குழு அது. ஒஸ்லோ என்றால் 'ஸ்வார்ட் ஃப்ராம்டிட்' குழுவின் 1984ஆம் ஆண்டுத் தட்டு. லண்டன் என்றால் 'ஏலியன் கல்ச்சர்' என்ற குழுவைத் தேடுங்கள். நால்வரில் மூவர் பாகிஸ்தானியக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள். வேறு பண்பாட்டு ஆட்களால் நாடு மூழ்கிவிடுமோ என்று சனம் பயப்படுவதாக, பிறகு பிரித்தானியப் பிரதமரான தட்சர் பேசிய பேச்சில் இருந்தே பெயரை எடுத்தார்கள். 1980இல் வந்தது ஒரே ஒரு சிங்கிள். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளின் கோபம் எப்படி ஒலித்தது என்று கேட்க விரும்புகிற தமிழ் வாசகர் யாருக்கும் இதைத்தான் முதலில் நீட்டுவேன்.

ஒரு தட்டில் இருந்து அடுத்ததுக்குப் போகிற வழி உறையின் பின்பக்கத்தில் இருக்கும். நன்றி சொல்லும் பட்டியல், கடித முகவரி, பதிவுக்கூடத்தின் பெயர், வெளியீட்டு இலக்கம். இலக்கம் 3 கையில் இருந்தால் 1, 2, 4 எவை என்று பாருங்கள். தொகுப்புத் தட்டுகள் இன்னும் வேகமான வழி: பிரேசிலின் முதல் பங்க் தொகுப்பான 1982ஆம் ஆண்டின் 'கிரிட்டோ சுபுர்பானோ' மூன்று குழுக்களைத்தான் தரும், ஆனால் அந்த மூன்றும் சாவோ பாவுலோ நகரின் பங்க் முழுவதற்கும் கதவு. 1989இல் தொடங்கிய 'கில்ட் பை டெத்' வரிசை குழுக்களிடம் அனுமதி கேட்காமல் அடித்த கள்ளப் பதிப்புகள். யாருமே அறியாத நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு அவையே வரைபடம். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், காசை அந்தக் குழுவின் முறையான மறுபதிப்புக்குக் கொடுங்கள். ஆசியப் பக்கம் போனால் தட்டைவிடக் கசெற் அதிகம். மணிலாவில் 1985இல் தொடங்கிய 'ருவிஸ்டட் றெட் குறொஸ்' நிறுவனம் கசெற்றாகவே வெளியிட்டது. கசெற் வாங்கினால் ஓரத்தில் வெள்ளைப் பொடி இருக்கிறதா, நடுவில் உள்ள கம்பளித் துண்டு விழுந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது, பாட்டு முடிந்து பெயர்த் தாளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையம். அங்கே கீறிய எழுத்தின் படத்தைக் கேளுங்கள், உலகத் தட்டுகளைப் பட்டியலிடுகிற டிஸ்கொக்ஸ் இணையத் தளத்தில் பதிவான எழுத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். 1982 அமெரிக்கத் தட்டு என்று விற்பதில் செக் நாட்டு ஜீஇசட் ஆலையின் இலக்கம் இருந்தால் அது பிற்கால அச்சு. உறையில் பார்கோட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கள்ளப் பதிப்பின் உறை வருடிய (ஸ்கான் செய்த) படத்தில் இருந்து அடித்தது. சின்ன எழுத்துகளின் ஓரம் மங்கி, சாம்பல் நிறப் பகுதி புள்ளி புள்ளியாக அலையும். விற்பவரிடம் பாட்டு வரி அச்சிட்ட உள்தாள் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். 'விஜி பிளஸ்' (VG+, மிக நல்லதுக்குச் சற்று மேல்) என்று தரம் போட்டால் அது தட்டுக்கு மட்டுமா, உறைக்குமா என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், உள்தாள் இல்லாத பளபளப்பான பிரதியை விட, கீறல் விழுந்தாலும் எல்லாத் தாளும் உள்ள பிரதியே மேல். பாட்டு எங்காவது கிடைக்கும், அந்தப் போட்டோகொப்பித் தாள் கிடைக்காது.

தபாலில் வருவதானால் தட்டை உறைக்குள் இருந்து எடுத்து, உறைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி இல்லாவிட்டால் வழியில் ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அட்டை வேண்டும். பதிவுத் தபால், சுங்கப் படிவத்தில் உண்மையான விலை, காசு கட்டிய ரசீதின் பிரதி உங்கள் கையில். 2024 ஜனவரியில் இருந்து வற் 18 வீதம் என்பதையும் கணக்கில் வைத்து, மூன்று நாலு தட்டை ஒரே பொதியாக எடுப்பதுதான் கட்டுப்படி. தபாற்கந்தோரில் எடுத்ததும் முச்சக்கரவண்டியின் பின்பக்கம் வெயிலில் வைக்காதீர்கள். வினைல் 60 பாகையளவில் வளையத் தொடங்கும். வீட்டில் பொதியை அரை நாள் பிரிக்காமல் விட்டு, பிறகு திறந்து, காகித உள்ளுறையை மாற்றி, கழுவிப் போடுங்கள். உள்தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடி வைத்துவிட்டு, அதைத் தட்டோடு உரசாமல் தனிப் பையில், அதே வெளியுறைக்குள் வையுங்கள்.